இழுத்துக் காட்டிய கயிறு

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். மருந்துக்கடையில் ஒரு பெண்ணிடம் இருமல் மருந்தை எப்படிக் குடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தார்ப்பாய்ப் பட்டறை முதலாளி. அவர் அதுவரை எனக்குப் போன் செய்ததே இல்லை. "அம்மா, பெரியவர் தூங்குறார்னுதான் நினைச்சோம்" என்றார்.

நான் போனை வைத்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு, காலையும் இரவும், குலுக்கிவிட்டுக் குடிக்கணும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லி முடித்தேன். மீதிச் சில்லறையைக் கொடுத்தேன். அவள் படியிறங்கிய பிறகுதான் முக்காலியில் உட்கார்ந்தேன். என் மாமனார் இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகும் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்திருக்கிறேன் என்பது இப்போதும் உறுத்துகிறது.

லாரிக்கான பெரிய தார்ப்பாய் ஒன்றின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாராம் மாமா. ஊசியை ஓரமாகக் குத்தி வைத்துவிட்டு, மடிப்பின்மேல் தலையைச் சாய்த்திருக்கிறார். வயசானவர், அசதியாக இருக்கும் என்று பக்கத்துத் தையல்காரர் ரேடியோவைக் கூடச் சின்னதாக வைத்துவிட்டு வேலை பார்த்திருக்கிறார். டீ வந்து, டம்ளரைப் பக்கத்தில் வைத்து, "அண்ணே, ஆறிப்போகுது" என்று தோளைத் தொட்டபோதுதான் தெரிந்திருக்கிறது.

ஊரில் மாமாவின் சொந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. முடிச்சு என்றால்தான் தெரியும். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எங்கள் அப்பா விசாரிக்கப் போய், பெயரைச் சொல்லித் தெருத்தெருவாகக் கேட்டிருக்கிறார். எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் ஒரு டீக்கடைக்காரர், "அட, நம்ம முடிச்சு வீடா? தாராளமா பொண்ணு குடுங்க. அவங்க கட்டினா அவுக்க மாட்டாங்க" என்றாராம். அப்பா அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் சம்மதித்தார்.

வீட்டில் தளர்ந்து தொங்குகிற எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. மூக்குக்கண்ணாடியின் கை, குழாயின் திருகு, என் கைப்பையின் வார் எல்லாவற்றிலும் அவருடைய மெழுகு நூல் இருக்கும். கண் பார்த்ததும் கை கட்டிவிடும். "இத்தனை வருஷம் இவர்கூட இருக்கேன்னா பாசத்தாலன்னு நினைக்காதே. அசந்த நேரமா பார்த்து என்னையும் எங்கயோ கட்டி வச்சிருக்கார்" என்பார் என் மாமியார். அவர் போன பிறகு அந்த வீட்டில் சிரிப்புக் குறைந்துவிட்டது. மாமாவின் கை மட்டும் ஓயவில்லை.

எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்தின் வரலாறு என்றால் மூன்று ஆட்டங்கள்தான். வேறு எத்தனையோ ஆடியிருக்கிறார்கள், தோற்றிருக்கிறார்கள், ஜெயித்திருக்கிறார்கள். ஆனால் கழகத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு ஏழு கோல் ஆட்டத்தில் தொடங்கும், சேற்று ஆட்டத்தில் ஏறும், கோப்பை ஆட்டத்தில் வந்து உட்கார்ந்துவிடும். மூன்றிலும் மாமா இருந்தார். ஒன்றில்கூடப் பந்தைத் தொட்டதில்லை.

ஏழு கோல் ஆட்டம் கழகம் தொடங்கிய வருஷம் நடந்தது. சொந்த மைதானத்திலேயே ஏழு வாங்கித் தோற்றார்கள். அப்போது கம்பங்கள்தான் உண்டு, வலை கிடையாது. அந்த ஏழில் இரண்டு கம்பத்துக்கு வெளியே போனது என்று நம்மவர்கள், எல்லாமே உள்ளே என்று அவர்கள். சண்டை மைதானத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்து, யாருடைய ஸ்கூட்டரோ சாக்கடையில் விழுந்து முடிந்தது. மறுவாரம் கழகத் தலைவர், மரக்கடை வைத்திருந்தவர், எங்கிருந்தோ ஒரு பழைய வலையை வாங்கிவந்தார். வலையை விட ஓட்டைதான் அதிகம். தைத்துத் தர ஆள் வேண்டுமென்று தார்ப்பாய்ப் பட்டறைக்குச் சொல்லியனுப்பினார். பட்டறையில் சும்மா இருந்தவர் மாமா. அப்படித்தான் அவர் கால்பந்துக்கு வந்தது. விருப்பப்பட்டு வரவில்லை, முதலாளி போகச் சொன்னார், போனார்.

வலையைக் கட்டி முடித்ததும் தலைவர் அவர் தோளில் கை போட்டு, இனிமேல் கோலா இல்லையா என்று இந்த மைதானத்தில் ஒருவனும் அடித்துக்கொள்ளக் கூடாது, அது உன் பொறுப்பு என்றிருக்கிறார். பேச்சுக்குச் சொன்னது. மாமா அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

சேற்று ஆட்டம், கழகம் மேல் பிரிவுக்கு ஏறிய ஆட்டம். விடிய விடிய மழை. பட்டறையிலிருந்த லாரித் தார்ப்பாய்களையெல்லாம் யாரிடமும் கேட்காமல் கொண்டுபோய் இரண்டு கோல் வாசலிலும் விரித்துவிட்டார் மாமா. தார்ப்பாயைத் தேடி அடிக்கப் போகிற முகத்தோடு வந்த முதலாளி, வந்த வேகத்தில் ஆட்டம் பார்க்க நின்றுவிட்டாராம். பந்து உருளாமல் சேற்றில் புதைந்து புதைந்து நின்றது. கடைசியில் நம் முன்வரிசை ஆள் ஒருவர் சேற்றில் விழுந்து வயிற்றாலேயே பந்தை உள்ளே தள்ளினார். மாமா ஓடிப்போய் வலையைச் சுற்றித் தடவி, எல்லாக் கட்டும் சரியாக இருக்கிறது என்று கையைத் தூக்கிக் காட்டினார். யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் செய்தார். நடுவருக்கு அது பிடித்துப்போனது.

அன்றிலிருந்து எங்கள் மைதானத்தில் அது வழக்கமாகிவிட்டது. எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும், கோல் பின்னால் மரப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும் முடிச்சு எழுந்து போய் வலையைத் தடவிப் பார்ப்பார். அவர் கையைத் தூக்கிய பிறகுதான் நடுவர் விசில் ஊதுவார். வெளியூர் ஆட்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "எங்களுக்கு மொத்தம் நாலு நடுவர், அதுல ஒருத்தர் பெட்டி மேல" என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

கோப்பை ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. அப்போது நான் வேறு ஊரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, ஏனென்றால் என் கணவர் அதைச் சொல்லாத விருந்தாளி கிடையாது. அவர் பேருந்து ஓட்டுகிறார், கழகத்தில் செயற்குழு உறுப்பினர். அந்த ஆட்டத்தின்போது சிறுவனாக யாருடைய தோள்மேலோ இருந்தாராம்.

அவர் சொல்கிற கதை இது. இறுதி ஆட்டம், நம் மைதானம். ஆட்டம் முடியப்போகிறது, இரண்டு பக்கமும் கோல் இல்லை. பின்னாலிருந்து நீளமாக வந்த பந்தை நம் வலதுபக்க ஆட்டக்காரர் ஓட்டத்திலேயே உதைத்தார். லைன்ஸ்மேன் இன்னும் நடுக்கோட்டருகிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார். பந்து வலைக்குள். ஊரே எழுந்து நின்றது. கோலைக் காத்து நின்ற அவர்களுடைய கோலி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பந்து கம்பத்துக்கு வெளியே போய்ப் பக்கவாட்டு வலையைப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்தது என்று கத்தினார், அழுதார், நடுவரின் கையைப் பிடித்து வலைக்கு இழுத்துவந்தார். நடுவர் வந்து பார்த்தார். முடிச்சு வலையை இழுத்துக் காட்டினார். இரும்பு மாதிரி இருந்தது. கோலி வெறி பிடித்து நடுவரைத் தள்ளிவிட்டார். சிவப்பு அட்டை, இரண்டு வருஷத் தடை. கோப்பை நமக்கு.

அழுகுணி ஆட்டம், அழுகுணி ஆட்டம் என்று மைதானம் முழுக்கக் கத்தினார்களாம். அந்தப் பெயர் கோலிக்கு ஒட்டிக்கொண்டது. எங்கள் தெருவில் சிறுவர்கள் விளையாடும்போது ஒருவன் அவுட்டாகிவிட்டு இல்லையென்று சாதித்தால், "போடா அழுகுணி கோலி" என்பார்கள். அந்தக் கோலி ஒரு மனிதர் என்பதே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

கதை இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மாமா எழுந்து போய்விடுவார். தண்ணீர் குடிக்க, கேட்டைச் சாத்த, எதற்காவது. அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம். "எங்கப்பாவுக்குத் தன்னைப் பத்திப் பேசினா கூச்சம்" என்று என் கணவர் விருந்தாளிகளிடம் சொல்வார்.

இந்த வருஷம் கழகத்து அறையின் வெளிச்சுவரில் மூன்று ஆட்டங்களையும் பெரிதாக வரைவது என்று முடிவானது. யோசனை என் கணவருடையது. ஓவியர் வந்து கரியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சந்தேகம் கேட்க மாமாவைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏழு கோல் ஆட்டத்துக்குக் கம்பங்களும், சேற்று ஆட்டத்துக்குத் தார்ப்பாயும் சரியாக வந்திருந்தன. மூன்றாவதில் கோலி மண்டியிட்டு வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தார். கண்ணீர் குடத்திலிருந்து கொட்டுவது போல இரண்டு பக்கமும் வளைந்து விழுந்தது. குழந்தைகள் ரசிப்பார்கள் என்றாராம் ஓவியர். கோலி ஆள் குண்டா ஒல்லியா என்று கேட்டாராம். மாமா பதில் சொல்லாமல் நடந்து வந்துவிட்டார்.

நேராக என் மருந்துக்கடைக்குத்தான் வந்தார். மதியம், கூட்டமில்லாத நேரம். மாத்திரைக்காக வந்திருக்கிறார் என்று நான் டப்பாவை எடுத்தேன். அவர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கல்லாவைப் பார்த்தபடியே சொன்னார்.

கோப்பை ஆட்டத்துக்கு முந்தின நாள் வலையில், இடது கம்பத்தை ஒட்டி, கீழே ஓரிடம் அறுந்திருந்தது. அதைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது தூறல் போட்டது. பெரிய மனிதர்கள் உட்காரும் இடத்துக்குத் தார்ப்பாய் கட்ட வாருங்கள் என்று அவசரமாகக் கூப்பிட்டார்கள். வந்து முறையாகக் கட்டிக்கொள்ளலாம் என்று அந்த இடத்தை ஒரு சுருக்குப் போட்டு நிறுத்திவிட்டுப் போனார். இழுத்தால் அவிழ்கிற சுருக்கு. திரும்பிவரும்போது மறந்துவிட்டார்.

பந்து கம்பத்துக்கு வெளியேதான் போனது. அவர் கண்ணுக்கு முன்னால், கைக்கு எட்டுகிற தூரத்தில். சுருக்கு அவிழ்ந்தது, பந்து உள்ளே வந்தது, ஊர் எழுந்தது. எல்லாரும் நடுவரைச் சூழ்ந்துகொண்டு கத்திக்கொண்டிருந்தபோது இவர் வழக்கம்போல எழுந்து போய் வலையைத் தடவினார். அவிழ்ந்த இடம் கையில் பட்டது. கட்டிவிட்டார். இரட்டை முடிச்சு. கட்டி முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்திருக்கிறது. அதற்குள் நடுவரை இழுத்துக்கொண்டு கோலி வந்துவிட்டார். இதோ இங்கதான் சார், இங்கதான் என்று சரியாக அதே இடத்தைக் காட்டினார். நடுவர் குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார்.

"கட்டினது கைம்மா" என்றார் மாமா. "அதை நான் பெருசா நினைக்கல. கை அதுபாட்டுக்குக் கட்டும். ஆனா அவர் பார்த்தப்போ, கயித்தைப் பிடிச்சு இழுத்துக் காட்டினேன் பாரு, அது நான்."

பிறகு கையைத் தூக்கினாராம். விசில் ஊதினார்கள்.

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது மாமா, இனிமேல் யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது, விடுங்கள் என்றேன். படித்தவள் சொல்ல வேண்டிய பேச்சா அது. அவனுக்கு இருக்கும் என்றார். இத்தனை நாள் பொறுத்தவர் இப்போது ஏன் என்று கேட்டேன்.

"சுவத்துல வரைஞ்சுட்டா, நான் போன பிறகும் அவன் அழுதுகிட்டே இருப்பான்மா."

கோலி இருக்குமிடத்தை அவர் எப்போதோ விசாரித்து வைத்திருந்தார். பக்கத்து ஊர்ப் பேருந்து நிலையத்தில் சாவிக்கடை. தனியாகப் போகக் கால் வரவில்லை, கூட வருகிறாயா என்றார். உங்கள் மகனை அழைத்துப் போங்களேன் என்றேன். அவனிடம் நானே சொல்கிறேன், முதலில் சொல்ல வேண்டியவனிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. என் கணவரிடம், மாமாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கடை என்றால் ஒரு அலமாரி அகலம்தான். வெட்டாத சாவிகள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. உள்ளே ஒருவர் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு அரத்தால் ஒரு சாவியை ராவிக்கொண்டிருந்தார். உயரமான மனிதர். குண்டும் இல்லை, ஒல்லியும் இல்லை. மாமா, "நான் முடிச்சு, வலை கட்டுறவன்" என்றார். அவர் தலையை நிமிர்த்தாமல், "தெரியுது, உட்காருங்க" என்று பெஞ்சைக் காட்டினார். கோபம் ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் கூட ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார்.

மாமா என்னிடம் சொன்ன மாதிரியே அவரிடமும் சொன்னார். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவர் ராவுவதை நிறுத்தவேயில்லை. அரம் போய்க்கொண்டே இருந்தது, சாவியின் பற்கள் முழுக்கத் தேய்ந்து வழவழவென்று ஆகும்வரை. அப்புறம்தான் பார்த்துவிட்டு, பாழாய்ப்போன சாவியைக் கீழே இருந்த டப்பாவில் போட்டார்.

கொஞ்ச காலம் ஊரெல்லாம் சத்தியம் செய்துகொண்டு திரிந்தேன் என்றார். அவர்கள் அணியின் கேப்டன் அவருடைய சொந்த அண்ணன். கோலை விட்டதும் இல்லாமல், நாடகம் ஆடி, நடுவரைத் தள்ளி, அணியையே கேவலப்படுத்திவிட்டான் என்று அண்ணன் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். கட்டிக்கொண்டு வந்த மனைவி கூட, போகட்டும் விடுங்கள், சின்ன வயசில் எல்லாரும்தான் பொய் சொல்கிறோம் என்றாராம். எல்லாரும் ஒன்றையே சொல்லச் சொல்ல, கண்ணை மூடினால் தெரிகிற பந்து மெல்ல மெல்ல நகர ஆரம்பித்தது.

"முதல்ல கம்பத்துக்கு வெளியதான் தெரியும். அப்புறம் கம்பத்துல பட்டுப் போற மாதிரி. ஒரு நாள் பார்த்தா உள்ளயே போகுது. சரி, நாமதான் பொய் சொல்லியிருக்கோம்னு நினைச்சுக்கிட்டேன். அந்த நடுவர் சாகறதுக்கு முந்தி அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். அண்ணனுக்கும் ஆள் மூலமா சொல்லியனுப்பினேன், தப்பு என்னுதுன்னு."

அண்ணன் என்ன சொன்னார் என்று மாமா கேட்டார்.

"இப்பவாவது ஒத்துக்கிட்டானேன்னாராம். வரல."

மாமா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். கோலி அவரை உட்காரச் சொல்லவில்லை.

"கப்பை நீங்களே வச்சுக்குங்க. அது எனக்கு வேணாம்" என்றார் கோலி. "என் கண்ணு பார்த்ததையே நம்ப முடியாம பண்ணிட்டீங்களே பெரியவரே."

நான் என்ன செய்யட்டும், சொல்லு, செய்கிறேன் என்றார் மாமா. கோலி தொங்கிய சாவிகளை ஒதுக்கிவிட்டு வெளியே போகிற பேருந்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அண்ணனிடம் வந்து சொல்ல வேண்டும் என்றார். அவருக்கு வயசாகிவிட்டது, படுத்த படுக்கை. "உங்க வாயால சொல்லணும். நான் சொன்னா மறுபடியும் அழுகுணின்னுதான் சொல்வார்." வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது.

திரும்பி வரும்போது பேருந்தில் முன் இருக்கையின் உறை கிழிந்து நாடாவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டு வந்தார். கட்டவில்லை. மனசு லேசாக இருக்கிறதா மாமா என்று ஒரு அசட்டுக் கேள்வி கேட்டேன். "நான் பாரத்தை இறக்கப் போனேன்னு நினைச்சியா? அங்க போனப்புறம்தான் எவ்வளவு கனம்னே தெரியுது" என்றார்.

வீட்டில் என் கணவர், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். பரவாயில்லையாம் என்றேன். அந்த வாரம் முழுக்க அவர் சுவர் ஓவியத்தைப் பற்றியே பேசினார். திறப்பு விழாவில் அப்பாவுக்குப் பொன்னாடை போட வேண்டும், முதல் வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்றார். மாமா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருப்பார், நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை பேருந்து ஓட்டம் முடிந்து மகன் வந்ததும் சொல்லிவிடுவதாக மாமா என்னிடம் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தார்.

கழகத்து ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த கோப்பை ஆட்டத்து வலையை எடுத்துவந்து அவர் கால்மேல் மரியாதையாகப் போர்த்தினார்கள். இப்போதைய தலைவர், மரக்கடைக்காரரின் மகன், இந்த வலையும் இந்த மனிதரும் இல்லையென்றால் நம்மிடம் கோப்பையே இல்லை என்று பேசினார். எத்தனை உண்மை என்று அவருக்கே தெரியாது. என் கணவர் உடைந்து அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே வலையின் ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாவிக்கடைக்கு நான்தான் போன் செய்து சொல்லியிருந்தேன். மாலையில் கோலி வந்தார். உயரத்தை வைத்தே பழைய ஆட்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். அவர் நேராக மாமாவின் காலடிக்குப் போய், குனிந்து, வலையின் ஓரத்தைக் கையில் எடுத்துக் கண்ணிகண்ணியாக நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. அந்த இரட்டை முடிச்சைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர், "அழுகுணி வந்திருக்கான்டா. அழ வேண்டிய இடத்துல அழ மாட்டேங்கிறான் பாரு" என்றார். நாலைந்து பேர் துக்க வீடென்று பார்த்து அடக்கிச் சிரித்தார்கள். கோலிக்குக் கேட்டிருக்கும். எனக்குக் கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அவர் கேட்டருகே எனக்காகக் காத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வர்றார்னு அண்ணன்கிட்ட சொல்லி வச்சுட்டேன்மா. என்ன விஷயம்னு சொல்லல. பெரியவர் சொன்னதை நீங்களும் கேட்டீங்க இல்ல. நீங்க வந்து சொல்லுவீங்களா?"

வருகிறேன் என்று சொன்னேன். யோசிக்காமல்தான் சொன்னேன், ஆனால் மனதாரச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். திரும்பினால் பின்னால் என் கணவர் நின்றிருந்தார். எங்கே போகப்போகிறாய் என்று கேட்டார்.

சமையலறையில் வைத்துச் சொன்னேன். நின்றபடியே கேட்டார். முடிந்ததும் குழாயைத் திறந்து முகம் கழுவினார். குழாயின் திருகில் மாமா சுற்றிய நூலைப் பிடித்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கண் டாக்டர்னு சொன்னியே" என்றார் முதலில்.

பிறகு, "அப்பா இருந்து அவர் வாயால சொல்லியிருந்தா, நானே கூடப் போய் நின்னிருப்பேன்" என்றார். "இப்ப நீ போய்ச் சொன்னா என்ன ஆகும்? செத்தவர் மேல பழி போடுறோம்னு இங்க சொல்லுவாங்க. செத்தவர் வந்து இல்லைன்னு சொல்லவா போறார்னு அங்க சொல்லுவாங்க. யாரு நம்புவா?"

கோலி நம்புகிறார் என்றேன்.

"அவருக்குத்தான் தெரிஞ்சுபோச்சே. அது போதாதா?"

போதாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் அழுது வீங்கிய முகத்தோடு என் முன்னால் நிற்கிறவர், தன் அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து இன்னும் ஈரம் காயாத மனிதர். கொஞ்ச நாள் போகட்டும், எனக்கு அப்பாவை முழுசாக வைத்து அழக் கொஞ்ச நாள் கொடு என்றார். நான் சரி என்றேன். இதையும் மனதாரத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடு நிறையச் சொந்தக்காரர்கள். எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பு மேடையில் போன் அதிர்ந்தது. கோலியின் எண். நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதிர்ந்தது. கையெல்லாம் ஈரமாக இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துடைத்துக்கொள்ளத் துணி பக்கத்திலேயே இருந்தது. மூன்றாவது முறை வரவில்லை. படுக்கையிலிருந்த அந்த அண்ணனுக்கு யாரோ தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்த்தி உட்காரவைத்திருப்பார்கள். வருகிறவர் யாரென்று தெரியாமல் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். கடைசியில், இந்த முறையும் தம்பி நாடகம்தான் ஆடினான் என்று நினைத்திருப்பார். அதை நினைக்க வைத்தது இந்தத் தடவை மாமா இல்லை.

சுவரில் வேலையைத் துக்கத்துக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூன்றாவது படத்தில் என்ன செய்வது என்று ஓவியர் என் கணவரைக் கேட்டதற்கு, அப்புறம் சொல்கிறேன் என்றாராம். என்ன சொல்வாரென்று எனக்குத் தெரியாது. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

இறப்பதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை சாயங்காலம், மாமா தன்னிடமிருந்த ஒரே வெள்ளைச் சட்டையை என்னிடம் கொடுத்து, கடைக்குப் போகிற வழியில் இஸ்திரிக்குப் போட்டுவிடு, ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டும் என்றார். மறுநாள் காலை போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். அது இன்னும் இஸ்திரிக் கடையில் இருக்கிறது.